யூனிபோம் இல்லாமல் உள்ளே போனவர்கள்

என் அன்பான நூறா ராத்தாவுக்கு,

மவுத்தாகி மண்ணுக்குள் போன ஆளுக்குக் கடிதம் எழுத இவளுக்கு என்ன வந்தது என்று யாரும் கேட்டால் கேட்கட்டும். கொழும்பில் இருக்கும் நம்முடைய ஆஸ்பத்திரி ஊழியர் தலைமைச் சங்கம் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. வேலைநிறுத்த நாளில், கிளைச் செயலாளராகிய நானே உறுப்பினர்களை வேலைக்கு அனுப்பினேனாம். அது உண்மைதான். ஆனால் அவர்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் "மேற்படி விடயம் தொடர்பாக" என்பதற்கு மேல் கை ஓடவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். இதையே சங்கத்தின் பத்திரிகையில் போடச் சொல்லப் போகிறேன். அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

உங்களை அடக்கிய மையவாடிக்குப் பெண்ணான நான் வர முடியாது. பூ வைப்பதும் உங்கள் வழக்கத்தில் இல்லை. வீடிருக்கும் கரடியனாற்றில் இருந்து செங்கலடிக்கு வந்து பஸ் மாறும்போது, உங்கள் ஊரான ஏறாவூர்ப் பக்கம் போகிற பஸ்ஸை ஒருமுறை பார்ப்பேன். அவ்வளவுதான் எனக்கு முடிந்தது. நம்முடைய ஆஸ்பத்திரியின் மூன்றாம் வாட்டில் நீங்களே நோயாளியாகப் படுத்திருந்தபோது, "எல்லாத்தையும் வந்து வந்து சொல்லு புள்ள, எனக்கு வாட்டுக் கதை கேக்காட்டி ஒறக்கம் வராது" என்றீர்கள். இவ்வளவு நாளும் ஒன்றையும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

முதலில் வாட்டுக் கதை. பிரசவ வாட்டுக்குப் பச்சை நிறம் அடித்திருக்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்கவில்லை. ஆற்றுப் பக்க ஜன்னலுக்கு வலை போட்டாகிவிட்டது, நுளம்பு முன்னைப் போலவே வருகிறது. நீங்கள் திட்டித் திட்டித் தள்ளுவீர்களே, ஒரு சக்கரம் கிறீச்சிடும் ட்ரொலி, அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நானும் அதைத் திட்டித்தான் தள்ளுகிறேன். வேலைக்கு வந்ததும் கையெழுத்து வைக்கும் வரவுப் புத்தகம் இப்போது இல்லை. வாசலில் விரல் வைக்கும் மெஷின் வந்துவிட்டது. நம்முடைய விரல்களை அது லேசில் ஏற்றுக்கொள்ளாது. லைசோலும் சவர்க்காரமும் போட்டுத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது?

உங்களுக்குப் பிறகு செயலாளர் வேலையை என் தலையில் கட்டினார்கள். யார் எடுக்கிறீர்கள் என்று கேட்டதும் எல்லாரும் குனிந்து நிலத்தைப் பார்த்தார்கள். நான் குனியக் கொஞ்சம் பிந்திவிட்டேன், அவ்வளவுதான் எனக்கிருந்த தகுதி. ராத்தா, இந்த வேலையைச் சிரித்த முகத்தோடு எப்படிச் செய்தீர்கள்? கூட்டத்துக்கு வா என்றால் வரமாட்டார்கள். வந்தால் சங்கம் எங்களுக்கு என்ன கிழித்தது என்பார்கள். பேச்சுவார்த்தைக்குப் போனால் மேசையின் அந்தப் பக்கத்துக் கதிரைகளுக்குக் கை இருக்கும், நம்முடைய பக்கத்துக் கதிரைகளுக்கு இருக்காது. தேத்தண்ணி தருவார்கள், பிஸ்கட் தருவார்கள், மேலிடத்துக்கு அறிவிக்கிறோம் என்பார்கள். வீட்டுக்கு வந்தால், வயல்வட்டைக்குப் போய்ச் சேறும் சகதியுமாக வந்த என் மனிசன், "இண்டைக்கு என்னத்த வெட்டி விழுத்தின?" என்று கேட்பார். களைத்துப் போனேன், ராத்தா. உடம்புக் களைப்பு என்றால் படுத்தெழும்பினால் போய்விடும்.

இனி, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இரண்டு பேரும் பிரசவ வாட்டு அற்றெண்டன்மார். பிள்ளை எடுப்பது மருத்துவிச்சி மிஸ்ஸிமார். ட்ரொலி தள்ளுவதும், இரத்தத் துணி அகற்றுவதும், நிலம் கழுவுவதும், வலி வந்தவளைத் தோளில் சாய்த்துக் கழுவறைக்குக் கூட்டிப் போவதும் நாங்கள். நாங்கள் இல்லாவிட்டாலும் பிள்ளை பிறக்கும். ஆனால் தாய் படும் பாடு வேறாக இருக்கும்.

நான் பார்த்த முதல் வேலைநிறுத்த நாளில் நடந்தது இது. கேற்றடியில் நீங்கள் யூனிபோமோடு பதாகை பிடித்து நின்றீர்கள். வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரையில் இருந்து லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் பாய் விரித்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி வந்தார்கள். வந்த பாதையின் குலுக்கலில் அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. தூக்க ஆள் இல்லை, ட்ரொலி கொண்டுவர ஆள் இல்லை. நீங்கள் பதாகையை என் கையில் தந்துவிட்டுப் பின்பக்கம் போனீர்கள். வீட்டுக்குப் போகும்போது உடுக்க வைத்திருந்த ஊதாச் சீலையை உடுத்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். விரைந்து வந்து அவளைப் பிடித்து இறக்கி, உள்ளே கூட்டிப் போனீர்கள். வரவுப் புத்தகம் இருந்த பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

வேலைநிறுத்தத்தை உடைத்துவிட்டீர்களே என்று நான் பின்னேரம் சண்டைக்கு வந்தேன். "யூனிபோமோட போனா வேலைக்காரி. வீட்டுச் சீலையோட போனா சொந்தக்காரி. புள்ளப் பெறுறவளுக்குச் சொந்தக்காரி போகாம வேற ஆரு புள்ள போற?" என்று கேட்டீர்கள்.

அன்றைக்குத் தொடங்கியது நம்முடைய வழக்கம். வேலைநிறுத்தம் என்றால் கேற்றடியில் எல்லாரும் நிற்போம். பிறகு ஆள் மாறி ஆள் வீட்டு உடுப்போடு உள்ளே போவோம். பிரசவ வாட்டுக்கும் அவசரப் பிரிவுக்கும் குறைவில்லாமல் ஆள் இருக்கும். வரவு வைக்க மாட்டோம், சம்பளம் கேட்க மாட்டோம். நோயாளிகளுக்கும் பழகிவிட்டது. நம்மைச் சீலையில் கண்டால், இன்றைக்கு ஸ்ட்ரைக் போல என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். ஒரே ஒரு கட்டளைதான் போட்டீர்கள்: கொழும்புக்குச் சொல்ல வேண்டாம், அவர்களுக்கு இது விளங்காது. ஊரில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குழப்பம் நடந்து, ஏறாவூர் ஆள் செங்கலடி தாண்டப் பயந்த, செங்கலடி ஆள் ஏறாவூர் தாண்டப் பயந்த காலத்திலும் இந்த முறை நிற்கவில்லை. உங்களால் வர முடியாத நாளில் உங்களுக்காகவும் சேர்த்து நான் உள்ளே போனேன். என்னால் முடியாதபோது நீங்கள் போனீர்கள்.

இந்த வழக்கம்தான் ராத்தா இந்த முறை நம்முடைய கழுத்தைப் பிடித்தது.

உங்கள் மகள் றிப்காவில் இருந்து சொல்ல வேண்டும். அவள் தற்காலிக அற்றெண்டனாகச் சேர்ந்த நாளில் கிரிபத் பாற்சோறு கொண்டுவந்து வாட்டு முழுக்கக் கொடுத்தீர்கள். ஆறு மாதத்தில் நிரந்தரமாக்குவார்கள் என்று நம்பினீர்கள். அவள் சேர்ந்தபோது கைக்குழந்தையாக இருந்த பேரன் இப்போது புத்தகப் பை சுமக்கிறான். அவள் இன்னும் தற்காலிகம்தான். ஒவ்வொரு ஆறு மாதமும் புதுப்பிப்பார்கள், ஒவ்வொரு ஆறு மாதமும் அவள் முகம் சுருங்கும். அவளுடைய மாப்பிள்ளை கட்டாரில் இருந்து திரும்பி வந்து சரியான வேலை அமையாமல் இருக்கிறார். அந்த வீடு இவளுடைய வேலையில்தான் நிற்கிறது. இவளைப் போல இன்னும் பல பிள்ளைகள் நமது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள்.

அவர்களை நிரந்தரமாக்கக் கேட்டுத்தான் இந்த முறை நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தோம். வழக்கம்போல வீட்டு உடுப்போடு உள்ளே போனோம். சில நாளில் கொழும்பில் பேச்சு நடக்கிறது என்று நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நமது பெரிய டொக்டர் என்னையும் சந்திரனையும் பேச்சுக்குக் கூப்பிட்டார். சந்திரனை உங்களுக்குத் தெரியும், ஒப்பரேஷன் தியேட்டரில் வேலை செய்பவன், வாய் கொஞ்சம் நீளம். பெரிய டொக்டர் புது ஆள், யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிசர் இல்லை. எங்களுக்குக் கை வைத்த கதிரை போடச் சொன்னவர்.

தற்காலிக ஆட்களை இந்த முறை புதுப்பிக்க மேலிடம் விரும்பவில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் பேனையை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"உங்கட ஸ்ட்ரைக் நாளுகளிலை பிரசவ வாட்டிலை சங்கத்திலை இல்லாத ரெண்டு பேர்தான் விரல் வைச்சிருக்கினம். ஒரு முறைப்பாடும் வரேல்லை. ரெண்டு பேரோடை வாட்டு நடக்குமெண்டால் மிச்ச ஆக்கள் என்னத்துக்கு எண்டு மேலிடம் கேக்குது. நான் என்ன பதில் சொல்லுறது அம்மா?"

ராத்தா, வாட்டு நிறைய நாங்கள் நின்றோம். மெஷினுக்குத் தெரிந்தது அந்த இரண்டு பேரைத்தான். நாங்கள் உள்ளே நின்றோம் என்று சொன்னால், வேலைநிறுத்தத்தை உடைத்த கிளை என்று கொழும்பு எங்களை வெட்டும். சொல்லாவிட்டால் றிப்காவுக்கு வேலை இல்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பினேன். வெளியே வந்ததும் சந்திரன் சுவரில் ஓங்கிக் குத்தினான். நம்முடைய நல்ல குணமே நம்மை வெட்டுகிறது என்றான். அவன் சொன்னதில் பிழை காண என்னால் முடியவில்லை.

கொழும்புப் பேச்சும் முறிந்தது. இன்னொரு நாள் அடையாள வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள். கன்ரீனுக்குப் பின்னால் கூட்டம் போட்டோம். இந்த முறை ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது என்று சந்திரன் சொன்னான். அந்த இரண்டு பேரும் வாட்டை ஓட்டிக் காட்டட்டும், முறைப்பாடு வந்து குவியட்டும், அப்போதுதான் நம்முடைய அருமை விளங்கும். முக்கால்வாசிக் கை உயர்ந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, ராத்தா. நீங்கள் பழக்கிய அதே ஆட்கள்தான். அவர்களும் களைத்துப் போனார்கள். உண்மையைச் சொன்னால் என்னுடைய கையும் மடியில் சும்மா இருக்கவில்லை, பாதி உயர்ந்தது.

தற்காலிக ஆட்களுக்கு வாக்கு இல்லை. றிப்கா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். அங்கே நின்றபடியே என்னைக் கூப்பிட்டாள். உங்களை நான் அக்கா முறையில் ராத்தா என்பதால் அவளுக்கு நான் சாச்சி, சின்னம்மா.

"சாச்சி, என்ட வேலைக்காக ஒரு தாய் ட்ரொலி வராமக் கெடக்க வேணா."

அப்படியென்றால் உன்னுடைய வேலை போகட்டுமா என்று சந்திரன் கேட்டான்.

"அதுவும் வேணா. உள்ள போறது பிழையில்ல. போறத்த ஒளிச்சதுதான் பிழை. எங்கட பேரப் பெரிசா எழுதிக் கேற்றடியில வெச்சிட்டுப் போவம்."

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. உன்னுடைய உம்மா ஒளித்தது நம்மைக் காப்பாற்றத்தான் என்று எல்லாருக்கும் முன்னால் அவளை ஏசினேன். அவள் தலை குனியவில்லை. உம்மாவுடைய காலத்தில் விரல் மெஷின் இல்லையே என்றாள். அவ்வளவுதான்.

கொழும்பு என்னைத் தூக்கிவிடும் என்று சொன்னேன். சொல்லும்போதே அது ஒரு சாட்டுப்போக்கு என்று எனக்கே தெரிந்தது. தூக்கினால் அக்காவுக்கு ஓய்வுதானே என்றான் சந்திரன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு, முன்பு கை உயர்த்தியவர்கள் ஒவ்வொருவராக றிப்கா சொன்னதற்கே ஒத்துக்கொண்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு அது விளங்கவில்லை. ஒரு முடிவை மாற்ற எத்தனையோ கூட்டம் போட்டுத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

வேலைநிறுத்த நாள் காலையில், கர்ப்பிணித் தாய்மாருக்கு வகுப்பு எடுக்கிற கிளினிக் கரும்பலகையைத் தூக்கிவந்து கேற்றடி வேம்பில் சாத்தினோம். "இன்று சம்பளம் இல்லாமல் உள்ளே வேலை செய்கிறவர்கள்" என்று மேலே எழுதினேன். எழுத்து வளைந்துதான் வந்தது. முதல் பெயரை எழுத வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சந்திரன்தான். சாறமும் பனியனுமாக வந்து, பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் எழுதிவிட்டு, ஒரு பேச்சும் இல்லாமல் உள்ளே போனான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சட்டையோடு, சீலையோடு, அபாயாவோடு. சோக்குக் கட்டி கைமாறிக் கைமாறிச் சின்னதாகிப் போனது.

பஸ்ஸால் இறங்கியவர்கள் நின்று படித்தார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விவசாயி ஒருவர் பிரசவத்துக்கு மகளைக் கொண்டுவந்திருந்தார். பலகையில் இருந்த பெயர்களைச் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு, "அப்ப ஸ்ட்ரைக்கு எண்டா என்னத்துக்கு, மகள், வெளியிலயும் நிக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டார். தற்காலிகப் பிள்ளைகளின் கதையைச் சொன்னேன். அவர் போகவில்லை. பின்னேரம் வரைக்கும் கேற்றடியில் எங்களோடு நின்றார். இத்தனை வேலைநிறுத்தம் செய்தோம், ஒரு நோயாளியின் ஆள் எங்களோடு வந்து நின்றது அன்றைக்குத்தான். நாங்கள் அதுவரை யாருக்குமே ஒன்றும் சொன்னதில்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பத்து மணிபோல பெரிய டொக்டர் வந்தார். வாகனத்தில் இருந்து இறங்கிப் பலகைக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"உவ்வளவு பேரும் உள்ளுக்கையோ? அண்டைக்கும் இப்பிடித்தானோ?"

"ஓம் சேர். எண்டைக்கும் இப்பிடித்தான்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா கொழும்பு எங்கள வெட்டும். சொல்லாட்டி நீங்க இந்தப் புள்ளைகள வெட்டுறீங்க. நாங்க எந்தப் பக்கம் சேர் போற?"

அவர் கைபேசியை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தார். அந்தப் படத்தையும் சேர்த்து மேலிடத்துக்கு எழுதினார் என்று பிறகு அறிந்தேன். தற்காலிகப் பிள்ளைகளை இன்னும் ஆறு மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். நிரந்தரம் இல்லை. வெறும் ஆறு மாதம். அதற்கே வாட்டில் பால்ரொபி பங்கிட்டார்கள். நானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து இதே மேசைக்கு முன்னால் போய் இதே கதையைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது இனிப்புத் தெரியவில்லை. நாம் கேட்பதெல்லாம் இப்படித் துண்டு துண்டாகத்தான் வருமா? ஒரு முறையாவது முழுதாகக் கையில் கிடைத்து நீங்கள் பார்த்தீர்களா?

பலகையின் படம் கொழும்புக்கும் போய்விட்டது. அதனால்தான் இந்த விளக்கம். கிளையைக் கலைக்கலாம், என்னை நீக்கலாம். நீக்கினால் ஓய்வு என்று சந்திரன் பகிடிக்குச் சொன்னதை நான் சில நாள் உண்மையாகவே விரும்பினேன். அதையும் உங்களிடம் ஒளிக்கவில்லை. தலைமையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நாங்கள் வேலைநிறுத்தத்தை உடைக்கவில்லை. ஒரு நாள் சம்பளத்தையும் விட்டோம், ஒரு தாயையும் தனியே விடவில்லை. இதற்கு மன்னிப்பு எழுதித் தர என்னால் முடியாது.

அந்த நாளில் நடந்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை.

பலகையைப் படித்துக்கொண்டு வந்த பெரிய டொக்டர், பிரசவ வாட்டு ஆட்களின் பெயர்கள் இருந்த இடத்தில் விரலை வைத்தார். "நூறுல் மசாஹிரா எண்டு ஒராளை எனக்குத் தெரியாதே, ஆர் அது?" என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். றிப்காவின் பெயருக்கு மேலே, அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் உங்கள் பெயர் இருந்தது. அந்த நேரம் அவள் வாளியோடு தண்ணீருக்கு வெளியே வந்திருந்தாள். உங்களுடைய ஊதாச் சீலையைத்தான் உடுத்திருந்தாள். முந்தானையும் உங்களைப் போலவே தலையில் கிடந்தது. வாளியைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னாள்.

"எங்கட உம்மா, சேர். மவுத்தாகிட்டாங்க. அவங்க உள்ள போகாம இந்த வாட்டுல ஒரு ஸ்ட்ரைக்கும் நடந்ததில்ல."

அவர் அந்தப் பெயரை அழி என்று சொல்லவில்லை.

பின்னேரம் பலகையைக் கிளினிக்குக்குத் திருப்பிக் கொடுக்க ஈரத்துணியால் துடைத்தேன். எல்லார் பெயரும் போயிற்று. உங்கள் பெயரை மட்டும் துடைக்க எனக்குக் கை வரவில்லை. அப்படியே கொண்டுபோய் வைத்தேன். அடுத்த வகுப்புக்கு வந்த மிஸ்ஸியும் அதை அழிக்கவில்லை. அதைச் சுற்றியுள்ள இடத்தில்தான் தாய்ப்பாலைப் பற்றி எழுதினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராத்தா, ஆறு மாதம் முடிய இன்னொரு வேலைநிறுத்தம் வரும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்போது நான் செயலாளராக இருப்பேனோ இல்லையோ, வீட்டுச் சீலையோடு வருவேன். அந்தப் பலகையில் முதலில் உங்கள் பெயரை எழுதி, அதற்குக் கீழே என்னுடைய பெயரை எழுதிவிட்டு, அந்தச் சக்கரம் கிறீச்சிடும் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவேன். றிப்கா நிரந்தரமாகும் நாள்வரை இந்தக் களைப்போடே நடப்பேன். உங்களுக்கு நான் தரும் வாக்கு இது. கொழும்பு கேட்ட விளக்கமும் இதுதான்.

உங்களுக்காகவும் உள்ளே போகிற உங்கள் தங்கச்சி,
தவமணி